மனைவி புலம்பல்

"நில்லடி அங்க! வெளியில வராத. சுதா வெளிக்கிடுறான்!"

மாமியின் குரல். அறைக் கதவைத் திறக்கப்போன நிரோசினி அப்படியே நின்றாள். வேலைக்குப் போகும் நீலச் சட்டை, தோளில் பை, கையில் சாப்பாட்டுப் பெட்டி. அவளுடைய பஸ் ஏழு பத்துக்கு. மைத்துனன் சுதாகரனின் கார் ஏழேகாலுக்குத்தான் புறப்படும். கராஜ் கதவு கடகடவென்று மேலே போக வேண்டும், கார் பின்பக்கமாக வெளியே இறங்க வேண்டும், கதவு திரும்பவும் கீழே வந்து தட்ட வேண்டும். அந்தக் கடைசிச் சத்தம் கேட்ட பிறகுதான் அவள் அறையை விட்டு வரலாம். புருஷன் கிருபாகரன் செத்துப் பதினேழு நாள். அவள் வேலைக்குத் திரும்பி ஐந்து நாள். ஐந்து நாளும் அந்த பஸ்ஸைத் தவறவிட்டாள்.

காலையில் வெளிக்கிடும் ஆம்பிளையின் கண்ணில் தாலி அறுத்தவளின் முகம் படக்கூடாதாம். முழுவியளம் பிழைத்து, சகுனம் கெட்டுவிடுமாம். சிட்னியின் பெண்டில் ஹில்லில் மாடி வீடு, கூரையில் சூரிய மின்தகடு, பொத்தானை அமத்தினால் ஏறி இறங்கும் கராஜ் கதவு, எல்லாம் இருக்கிறது. விமானத்தில் ஆளுக்கு முப்பது கிலோதான் விடுகிறார்கள். ஊரில் எத்தனையோ நல்ல சாமான்களை விட்டுவிட்டு வந்த எங்கள் சனம் இந்தக் குப்பையை மட்டும் நிறுக்காமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

அன்றைக்கும் கராஜ் கதவு கீழே வந்து தட்டிய சத்தம் கேட்டது. நிரோசினி வெளியே வந்தாள். நடையில் எதிரே சுதாகரன் நின்றான். அலுவலக அட்டையை மறந்துவிட்டுக் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறான்.

"சொறி அண்ணி" என்று முணுமுணுத்து ஒதுங்கினான்.

குசினிக்குள் இருந்து அகப்பையோடு ஓடிவந்தாள் இராசமலர், அவனுடைய தாய். "ஐயோ, இண்டைக்கு இவனுக்குப் பெரிய மீற்றிங் எல்லோ! இரு மோனே, இரு. இருந்து தண்ணி குடிச்சிட்டுப் போ."

முப்பத்துநாலு வயது எஞ்சினியர் சோபாவில் போய் இருந்தான். தாய் நீட்டிய தண்ணீரை மடமடவென்று குடித்தான். தீட்டைக் கழுவி முடித்தவன்போல அண்ணியைப் பார்க்காமல் எழும்பிப் போனான். இவன் படித்த படிப்பைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவது?

"உதென்ன நெத்தியில?" இராசமலர் இப்போது மருமகள் பக்கம் திரும்பினாள்.

"சின்னக் கறுப்புப் பொட்டு, மாமி."

"கண்டறியாத பொட்டு! என்ர பிள்ளையைத் திண்டுபோட்டுப் பொட்டு வேற வேணுமாம். இஞ்ச பார், முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடிய நீ ஊருக்குப் போறாய். அவ்வளவுதான். ஸ்பொன்சர் பண்ணினவனே போயிட்டான், பிறகு உனக்கென்ன விசா?"

நிரோசினி வாசலுக்கு இறங்கினாள். ஓடினாலும் பஸ் கிடைக்காது என்று தெரிந்தும் ஓடினாள்.

அவள் கையில் இருந்தது தற்காலிக விசா. இரண்டாம் கட்டத்தில்தான் நிரந்தரம். கணவன் இடையில் இறந்துபோனாலும், அதுவரை இரண்டுபேரும் உண்மையாகச் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று காட்டினால் மனைவிக்கு நிரந்தர விசா உண்டு. இது சுதாகரனுக்குத் தெரியும். இணையத்தில் வாசித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். நிரோசினிக்கும் தெரியும். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சலவை அறையில் இருந்து, மெஷின் இரைச்சலுக்குள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, இமிக்ரேஷனுக்குத் தானே போன் பண்ணிக் கேட்டிருந்தாள். இனிமேல் கடிதமெல்லாம் தன் ஈமெயிலுக்கே வரட்டும் என்றும் சொல்லி வைத்திருந்தாள். சாவகச்சேரியில் கூட்டுறவுச் சங்கத்தில் ஆறு வருஷம் கிளாக்காக இருந்தவள். படிவத்துக்கும் அதிகாரிக்கும் பயந்தவள் இல்லை.

ஊருக்குத் திரும்பத்தான் பயந்தாள். அப்பா இல்லை. அண்ணன் வீடு. கலியாணம் ஆகாத தங்கச்சிமார் இரண்டுபேர். புருஷனைப் பதினாலு மாதத்தில் அனுப்பிவிட்டு வந்தவள் என்று அங்கேயும் ஒரு பின்னறை காத்திருந்தது. இங்கே கராஜ் கதவு என்றால் அங்கே அண்ணனின் மோட்டார்சைக்கிள். அது படலையைத் தாண்டும்வரை உள்ளே நிற்க வேண்டும், வாழ்நாள் முழுக்க. அவளுக்கு வயது முப்பத்தொன்று.

கலியாணம் பேசும்போது "மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் சீனி" என்றுதான் சொன்னார்கள். தாலி கட்டிவிட்டு அவன் போய்விட்டான். விசா கிடைத்து இங்கே வந்து இறங்கிய மூன்றாம் நாள்தான் அவளுக்குத் தெரிந்தது. சீனி இரண்டு சிறுநீரகத்தையும் தின்று முடித்திருந்தது. கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மெஷினோடு கிடக்க வேண்டும். இவர்கள் தேடியது பெண்டாட்டியை அல்ல. சம்பளம் கொடுக்கத் தேவையில்லாத ஒரு தாதியை. அதற்கு ஸ்பொன்சர் என்று பெயர்.

"நான் சொல்லியிருக்கவேணும்" என்றான் கிருபாகரன். "அம்மா வேண்டாமெண்டவ. எனக்கும் தனியச் சாகப் பயமாக் கிடந்தது."

ஒரு மாதம் அவள் அவனோடு கதைக்கவில்லை. வேலை கிடைத்து முதல் நாள் முடிந்து அவள் மழையில் வந்து இறங்கியபோது, பஸ் தரிப்பில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குடையோடு நின்றான். நிற்கவே ஏலாதவன். அன்றைக்குக் கோபம் பாதி போனது. மற்றப் பாதி போகவே இல்லை. அதையும் வைத்துக்கொண்டுதான் அவனைக் கடைசிவரை பார்த்தாள். படியேற முடியாமல் போனபின் அவன் கட்டிலைக் கீழே முன்னறைக்கு இறக்கினார்கள். கட்டிலுக்குக் கீழே, தரையில் அவள் பாய்.

சுதாகரன் தண்ணி குடித்துப் போனதற்கு அடுத்த நாள், சனிக்கிழமை, நவம் மாஸ்ரர் வந்தார், கையில் எழுதுகிற கொப்பியோடு.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை எங்கள் சனம் கல்வெட்டு என்கிறது. செத்தவரின் படம், பரம்பரை, தேவாரம், நன்றியுரை, நடுவில் புலம்பல். தாய் புலம்பல், மனைவி புலம்பல், சகோதரர் புலம்பல் என்று ஆளுக்கு இரண்டு பாட்டு. இருபத்தைந்து வருஷமாகச் சிட்னியில் யார் செத்தாலும் புலம்பல் நவம் மாஸ்ரருடையது. வீட்டுக்காரர் விபரம் சொன்னால் போதும், புலம்புவதை அவர் பார்த்துக்கொள்வார்.

"தங்கச்சி, தாய் புலம்பல் எழுதிப்போட்டன்" என்றார் மாஸ்ரர் இராசமலரிடம், கோப்பியை ஊதிக் குடித்தபடி. "இனி மனைவி புலம்பலுக்கு ரெண்டு விஷயம் வேணும். பிள்ளையைக் கூப்பிடுங்கோ."

"அவள் என்னத்தைச் சொல்லுறது? என்னட்டைக் கேளுங்கோ."

"நீங்கள் சொன்னா அது மாமி புலம்பலாப் போடுமெல்லே?" மாஸ்ரர் தன் பகிடிக்குத் தானே சிரித்தார்.

இராசமலர் சிரிக்கவில்லை. அவளுக்கு இந்தக் கல்வெட்டு விளையாட்டில்லை. 'சாகப்போற பெடியனுக்கு ஊரில இருந்து ஒரு பெட்டையைக் கொண்டந்து பலி குடுத்தவை' என்று செத்தவீட்டிலேயே யாரோ கதைத்தது காதில் விழுந்திருந்தது. அந்த வாயை எல்லாம் அடைக்க வேண்டும். போன மாதம் பக்கத்து ஊர் தூங்காபியில் செத்த தில்லைநாதருக்கு எண்பது பக்கத்தில் அடித்தார்கள். இது நூறு பக்கம் வர வேண்டும், அத்தனையும் கலரில்.

"எழுதுங்கோ மாஸ்ரர். பதினாலு மாசம். ஒரு நாள், ஒரு பொழுது அவனை விட்டுப் பிரியேல்லை. இந்த முன்னறையிலதான் ரெண்டுபேரும். அவன் கட்டில்ல, அவள் கீழ பாயில. சாமத்தில முனகினா இவள்தான் எழும்புவாள். தன்ர கையால சோறு தீத்தினவள். அப்பிடி ஒரு சோடி."

"பதினாலு மாசமெண்டா நானூற்றுச் சொச்ச நாள்." மாஸ்ரர் விரல்விட்டுப் பார்த்தார். "சொச்சம் பாட்டுக்குள்ள நிக்காது. நானூறெண்டு போடுறன்."

"போடுங்கோ. சனம் பாக்கட்டும், நாங்கள் மருமோளை எப்பிடி வைச்சிருந்தனாங்கள் எண்டு."

குசினிக்குள் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்ற நிரோசினிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. பதினாலு மாதத்தில் மாமியின் வாயிலிருந்து அவளுக்கு வந்த முதல் நல்ல வார்த்தை அது. அதுவும் அவளுக்குச் சொன்னதல்ல.

இருபத்துநாலாம் நாள் ஈமெயில் வந்தது. சலவை அறையில் நின்றே வாசித்தாள்.

கணவன் இறப்பதற்கு ஆறு மாதத்துக்கு முன்பே இந்தத் திருமண உறவு முறிந்துவிட்டதாகத் தகவல் கிடைத்திருக்கிறது. இருவரும் ஒரே படுக்கையைப் பகிரவில்லை. மனைவி அவரைக் கவனிக்கவில்லை. மனைவியைத் திருப்பி அனுப்பக் கணவன் எண்ணியிருந்தார். கணவனின் தாய் சத்தியக் கடிதம் கொடுத்திருக்கிறார். இதுபற்றி இருபத்தெட்டு நாளுக்குள் உங்கள் பதிலையும் ஆதாரங்களையும் அனுப்பவும்.

ஒரே படுக்கையைப் பகிரவில்லை. அது உண்மைதான். அவன் கட்டிலில், அவள் தரையில். அந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு பெரிய பொய்யைக் கட்டியிருக்கிறார்கள்! மெஷினுக்குள் போடவேண்டிய போர்வைகளின் மேல் இருந்து அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிவிட்டு, இனி அழுவதில்லை என்று முடிவெடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே சுதாகரனிடம் போனாள். "இது ஆர் எழுதினது?"

அவன் போனை வாங்கிப் பார்த்தான். காது சிவந்துவிட்டது. "அம்மா சொன்னவ, அண்ணி. நான் டைப் மட்டும்தான் பண்ணினன். சாட்சிக்கு ஒரு கையெழுத்தும்..."

"உமக்குத் தெரியாதோ நான் எங்க படுத்தனான் எண்டு? விடிய எழும்பி வரேக்க எத்தினை நாள் என்ர காலில தடக்கினீர்?"

"அவனை ஏன் பிடுங்கிறாய்?" இராசமலர் படியிறங்கி வந்தாள். "நான்தான் எழுதச் சொன்னன். ஓம், சொன்னன்! வருஷம் திரும்பி ஆட்டைத் திவசம் முடிய இவனுக்குக் கலியாணம். கோப்பாயால ஒரு பிள்ளை வலதுகால் எடுத்துவைச்சு இந்த வாசலுக்கால உள்ள வரப்போகுது. அப்ப முன்னால நீ வந்து நிண்டா? இந்த அறுதலி முகத்திலயோ அந்தப் பிள்ளை முழிக்கிறது?"

"எனக்கு அந்த முகத்தைத் தந்தது ஆர், மாமி? வருத்தத்தை ஒளிச்சுக் கட்டி வைச்சது ஆர்?"

"உன்ர சாதகத்தில கிடந்தது. என்ர பிள்ளை நல்லாத்தான் இருந்தவன்."

"அவற்ற போனைத் தாங்கோ. அதில எங்கட படங்கள் கிடக்கு."

"அது பழுதாப் போச்சு. எறிஞ்சாச்சு."

வேறு ஆதாரமும் அவள் கையில் இல்லை. கரண்ட் பில், தண்ணி பில் எல்லாம் இராசமலரின் பெயரில். ஆஸ்பத்திரியில் நெருங்கிய உறவு என்ற இடத்தில் தாயின் பெயர். நிரோசினி வருவதற்கு முன்பே எழுதியது, யாரும் மாற்றவில்லை. ஊருக்கெல்லாம் கேட்க ஒப்பாரி வைத்து, தாலிக்கொடியைக் கழற்றி, பூவைப் பறித்து, இவள் இன்னாருடைய பெண்டாட்டி, சாகும்வரை வேறு எதுவும் ஆகமுடியாதவள் என்று முத்திரை குத்தினார்களே, அதே வீட்டார்தான் அதே வாயால் வெள்ளைக்காரனிடம் இவள் அவனுக்குப் பெண்டாட்டியே இல்லை என்றும் சொல்கிறார்கள். கட்டிப்போட வேண்டுமென்றால் அவள் மனைவி. கழித்துவிட வேண்டுமென்றால் அவள் யாரோ.

முப்பத்தோராம் நாள். மண்டபத்தில் முந்நூறு பேர். நிரோசினிக்கு வெள்ளைச் சேலை கட்டி, குசினிப் பக்கச் சுவரோடு ஒரு கதிரையில் இருத்தியிருந்தார்கள். வாசல் மேசையில் கல்வெட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. இராசமலர் வருகிறவர்கள் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்து, "நூற்றிநாலு பக்கம்" என்று சொல்லிக்கொண்டு நின்றாள்.

சாப்பாடு முடிந்து கைகழுவ வந்த ஒரு பெண் நிரோசினியின் கையைப் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது. "பிள்ளை, உன்ர புலம்பலை வாசிச்சு அழுதிட்டன்."

"நான் இன்னும் வாசிக்கேல்லை, அக்கா."

அந்தப் பெண் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தன் கையிலிருந்த புத்தகத்தை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனாள். நிரோசினி விரித்தாள்.

எறிந்தாச்சு என்ற போனிலிருந்த படங்கள் எட்டுப் பக்கத்துக்கு இருந்தன. கடைசித் தீபாவளிக்குச் சக்கரநாற்காலியில் அவன், பக்கத்தில் அவள். முன்னறைக் கட்டிலில் சாய்ந்திருக்கும் அவனுக்கு அவள் சூப் பருக்குகிறாள். தரையில் சுருட்டிய பாயும் தலையணையும் தெளிவாகத் தெரிகின்றன. கனடாச் சொந்தக்காரருக்கு அனுப்பவென்று இராசமலரே அவனுடைய போனை வாங்கி எடுத்த படம் அது. ஐம்பத்தோராம் பக்கத்தில் மனைவி புலம்பல்:

உண்ணாத வேளையெலாம் ஊட்டிவிட்ட கைகள்
உறங்காமல் உம்மருகே காத்திருந்த கண்கள்
பெண்டில்ஹில் வீட்டினிலே பெரியமுன் அறையில்
பிரியாமல் நானூறு நாளிருந்தோம் அத்தான்!

ஒரு நாள்கூட அவள் அவனை அத்தான் என்று கூப்பிட்டதில்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். நன்றியுரை. 'என் மகனின் இறுதி மூச்சுவரை அவனை விட்டு ஒருபொழுதும் பிரியாது, இரவு பகலாய்ப் பணிவிடை செய்த என் அன்பு மருமகள் நிரோசினிக்கு இந்தத் தாயின் கண்ணீர் நன்றி.' கீழே வீட்டு முகவரி. அதற்கும் கீழே இராசமலரின் கையெழுத்து, நீல மையில் அப்படியே அச்சாகியிருந்தது.

நிரோசினிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முன்வரிசை ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாவம் பெட்டை" என்று யாரோ சொன்னார்கள். "மண்டை பிசகிட்டுது போல."

எழும்பி நடந்தாள். கூட்டத்துக்கு நடுவால், வாசல் மேசைவரை. "எனக்கும் ரெண்டு தாங்கோ, மாமி."

முந்நூறு பேருக்கு முன்னால் என்ன சொல்வது? இராசமலர் கொடுத்தாள். கல்வெட்டு எங்கள் சனத்துக்கு, கடிதம் வெள்ளைக்காரனுக்கு. இரண்டும் ஒரே மேசையில் சந்திக்கும் என்று அவளுக்குக் கனவிலும் தோன்றவில்லை. நாங்கள் அப்படித்தான் வாழ்ந்து பழகியிருக்கிறோம். தமிழில் ஒரு முகம், இங்கிலீஷில் ஒரு முகம்.

அரசாங்கப் பதிவுள்ள மொழிபெயர்ப்பாளர் ஒருத்தியை நிரோசினி தேடிப் பிடித்தாள். மெல்பேர்னில் இருக்கும் மட்டக்களப்புப் பிள்ளை. இரண்டு நாள் கழித்து அந்தப் பிள்ளை போன் எடுத்தது.

"அக்கா, நன்றியுரையும் படத்துக்குக் கீழ உள்ள எழுத்தும் முடிச்சிட்டன். புலம்பலையும் மாத்தவா?"

"ஓம், புலம்பலையும்."

"இதுல நானூறு நாள் எண்டிருக்கு. சரியான கணக்கா?"

"பாட்டுக்காகக் குறைச்சது. கணக்கு நானூற்று இருபத்தாறு. அதை நான் தனிய எழுதி வைக்கிறன்."

எல்லாவற்றையும் இமிக்ரேஷனுக்கு அனுப்பினாள். அடுத்த ஞாயிறு தன் இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு, கூட வேலை செய்யும் ஒரு தொங்கா நாட்டுப் பெண்ணின் வீட்டுக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறைக்குக் குடிபோனாள். அந்தப் பெண்ணும் புருஷனை இழந்தவள்தான். காலையில் எல்லாருக்கும் முன்னால் எழும்பி, முன்கதவைத் திறந்து போட்டுக்கொண்டு பாடுகிறவள்.

அடுத்த மாதம் ஒருநாள் இராசமலர் வீட்டுக்கு போன் வந்தது. இமிக்ரேஷனில் இருந்து ஒரு அதிகாரியும் ஒரு தமிழ் உரைபெயர்ப்பாளரும். அன்றைக்குப் பார்த்து லண்டனுக்கு அனுப்பப் பத்துக் கல்வெட்டு வாங்கிப்போக வந்த நவம் மாஸ்ரர் எதிர்ச் சோபாவில் இருந்தார். இராசமலருக்குக் காது மந்தம். போன் எப்போதும் சத்தமாகத்தான் கதைக்கும்.

"அம்மா, உங்கட கடிதத்தில உங்கட கையெழுத்து. இந்தப் புத்தகத்திலயும் உங்கட கையெழுத்து. எது உண்மை எண்டு ஒஃபிசர் கேக்கிறார்."

மாஸ்ரர் கோப்பியை மேசையில் வைத்தார். "என்ன கடிதம், தங்கச்சி?"

கல்வெட்டு ரொறன்ரோவுக்குப் போய்விட்டது. லண்டனுக்குப் போகக் காத்திருக்கிறது. கோப்பாயில் சம்பந்தி வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அது பொய் என்றால் மாஸ்ரர் வாசலைத் தாண்டுவதற்குள் சிட்னி முழுக்கத் தெரிந்துவிடும்.

"கல்வெட்டில கிடக்கிறதுதான் உண்மை" என்றாள் இராசமலர். "பிள்ளை செத்த துக்கத்தில கடிதத்தில என்னமோ எழுதிப்போட்டம்."

மனச்சாட்சி பேசியது என்று யாரும் நினைக்க வேண்டாம். சனத்தின் வாய்க்குப் பயந்து அந்தப் புத்தகத்தை அடித்தாள். சனத்தின் வாய்க்குப் பயந்தே அதை உண்மை என்றாள். நல்லதுக்கும் கெட்டதுக்கும் எங்கள் வீடுகளில் இந்த ஒரு பயம்தான் சட்டம்.

கிருபாகரன் செத்து ஒன்பதாம் மாதம் நிரோசினிக்கு நிரந்தர விசா வந்தது. ஒருவரும் பார்த்துக் கெட்டுப்போகாத ஒரு வெள்ளிக்கிழமைக் காலை, சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டு ஏழு பத்து பஸ்ஸைப் பிடித்தாள்.

ஆட்டைத் திவசம் முடிந்து சுதாகரன் ஊருக்குப் போய்க் கலியாணம் கட்டிவிட்டுத் தனியே திரும்பி வந்தான். அண்ணிக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நாலாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய ஒற்றை அறைக் கதவைத் தட்டினார்கள். சுதாகரனும் இராசமலரும். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். இராகுகாலம் கழியட்டும் என்று தெருமுனையில் காருக்குள் அரைமணித்தியாலம் இருந்துவிட்டு வந்திருந்தார்கள்.

"சுகமே பிள்ளை? நல்ல வடிவான அறை" என்று இராசமலர் நாலு சுவரையும் பார்த்தாள். நிரோசினி கதிரையைக் காட்டினாள். சுதாகரன் ஒரு படிவத்தை மேசையில் வைத்தான்.

"அண்ணி, மதுஷாவுக்கு விசா போட்டிருக்கிறன். அந்தப் பழைய கடிதம் இப்பவும் ஃபைல்ல கிடக்கு, என்ர சாட்சிக் கையெழுத்தோட. இனி நான் என்னத்தைக் குடுத்தாலும் ஒண்டுக்கு ரெண்டு தரம் பாப்பாங்களாம். ஏஜென்ட் சொல்லுறார், எங்கட வீட்டைப் பற்றி நீங்கள் ஒரு கடிதம் எழுதித் தந்தா நல்லமாம். நல்ல குடும்பம், உண்மையான கலியாணம் எண்டு."

"நீயும் எங்கட வீட்டுப் பிள்ளைதானே" என்றாள் இராசமலர். "உன்ர கை ராசியான கை."

நிரோசினி அவளைப் பார்த்தாள். வெளிக்கிடும்போது இந்த முகத்தில் முழித்தால் மீற்றிங் பிழைத்துவிடும் என்று மகனை இருத்தித் தண்ணீர் பருக்கியவள், இப்போது நல்ல நேரம் பார்த்து இந்த முகத்தைத் தேடி வந்திருக்கிறாள். நிரோசினியின் நெற்றியில் சிவப்புப் பொட்டும் இருக்கிறது. மாமி அதைக் காணாததுபோல வாழைப்பழத்தை மேசையில் வைத்தாள்.

"எழுதுறன்" என்றாள் நிரோசினி. "மதுஷாவின்ர நம்பரைத் தாரும்."

"அது எதுக்கு?" இராசமலர் நிமிர்ந்தாள்.

"முன்பின் கதைச்சறியாத பிள்ளைக்கு நான் எப்பிடி மாமி சாட்சி சொல்லுறது?"

சுதாகரன் தாயைப் பார்த்தான். பிறகு படிவத்தைப் பார்த்தான். நம்பரைச் சொன்னான்.

போன் இரண்டு தரம் அடித்தது. திரையில் இருபத்தாறு வயது முகம். பின்னால் கோப்பாய் வெயில்.

"நான் நிரோசினி. கிருபாகரனின்ர மனிசி."

"ஐயோ அக்கா! நீங்கள் ஊருக்கு வந்து எங்கயோ தூரத்தில இருக்கிறீங்கள் எண்டெல்லோ சொன்னவை." பிள்ளையின் கண் விரிந்தது. "நான் கல்வெட்டில உங்கட புலம்பல் வாசிச்சனான். அழுதிட்டன் அக்கா. எப்பிடி அப்பிடி எழுதினீங்கள்?"

"அது நான் எழுதினதில்லை, தங்கச்சி. இப்பதான் எழுதப்போறன்." நிரோசினி போனைத் தண்ணிப் போத்தலில் சாய்த்து வைத்தாள். பேனையை எடுத்தாள். "நான் எழுத எழுத உமக்கு வாசிச்சுக் காட்டுறன். முழுக்கக் கேட்டிட்டு, இஞ்ச வாறதோ வேண்டாமோ எண்டு நீரே முடிவெடும். சரியோ?"

"சுதா, போனை நிப்பாட்டச் சொல்லு!" இராசமலர் எழும்பினாள். சுதாகரன் எழும்பவில்லை. அண்ணியின் கடிதம் இல்லாமல் மதுஷாவுக்கு விசா எடுக்க அவனால் முடியாது. கடிதத்தோடும் முடியுமா என்று தெரியவில்லை.

"சொல்லுங்கோ அக்கா, கேட்டுக்கொண்டிருக்கிறன்" என்றது போன்.

"முதல்ல" என்றாள் நிரோசினி, எழுதிக்கொண்டே, "கராஜ் கதவைப் பற்றிச் சொல்லுறன்."